ஞாபகத்தில் இல்லாத குரல்

என் அண்ணனுக்குப் பழைய ராக் அண்ட் ரோல் பிடித்துப்போனதற்கு இரண்டு காரணங்கள். எங்கள் வீட்டில் கேபிள் கனெக்‌ஷன் இல்லை என்பது ஒன்று. இன்னொன்று அவன் காது. இரண்டாவது காரணம் எங்களுக்குத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து டெக்சஸில் பிளானோவுக்குக் குடிவந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பதினைந்து. பொது நூலகத்தில் டிவிடிகளைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கைகொள்ளாமல் அள்ளி வருவோம். அப்படி வந்ததுதான் அந்த வட்டு. ராக் அண்ட் ரோல் புதிதாகப் பிறந்திருந்த வருடங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த பாட்டு நிகழ்ச்சிகள். கறுப்பு வெள்ளை. எண்ணெய் வழிய வாரிய தலைகள், குடைபோல விரியும் பாவாடைகள். ஃப்ரிட்ஜ் அளவுக்கு ஒரு கேமரா உருண்டு வந்து, இன்னொரு கேமராவின் கண்ணில் பட்டுவிட்டு, திருடனைப்போலப் பின்வாங்கும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அவற்றில் பல, நேரலையாக ஒளிபரப்பாகி, காற்றில் போனது போனதுதான் என்றிருந்த நிகழ்ச்சிகள். யாரோ ஒருவர் டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை நிறுத்திப் பிடித்து வைத்ததால் மிஞ்சியவை. அதனால்தான் ஓரத்தில் நிற்பவர்களின் முகங்கள் இழுபட்டுத் தெரிகின்றன. இதையெல்லாம் தேடிப் படித்து அவனுக்குச் சொன்னது நான். தெரிந்துகொண்ட எதையும் உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பான். என்ன அக்கறை என்று நினைத்துக்கொள்வேன். வாயசைவைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. அந்த நிகழ்ச்சிகளில் பாதிப் பேர் பாடுவதே இல்லை. ஸ்டுடியோவில் இசைத்தட்டை ஓடவிட்டு, அதற்கு வாயசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். யார் நிஜமாகப் பாடுகிறார், யார் வாயசைக்கிறார் என்று முதலில் கண்டுபிடிப்பவருக்கு அன்று சோபாவில் முழுநீளம் படுக்கும் உரிமை.

"கிதாரப் பாருடி! வயர் எங்க?"

"வயர் இல்லாட்டி என்ன, மைக் இருக்கில்ல?"

"லூசு. இவ்ளோ எகிறி அடிக்கறான், அந்த சிம்பல் ஆடவே இல்ல பாரு. வாயசைப்பு. எந்திரி, எந்திரி."

எனக்குப் பிடித்த அடையாளம் வேறு. இசைத்தட்டுகளில் பாட்டு முடியாமல், சத்தம் மட்டும் மெல்லத் தேய்ந்து மறையும். ஸ்டுடியோவில் நிற்கும் பாடகருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சத்தம் போன பிறகும் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்.

டெக்சஸ்காரர் ஒருவர் எங்கள் இருவருக்கும் பொதுவான நாயகன். கோடு போட்ட கோட்டு போட்டிருப்பார், அதனால் எங்களுக்குக் கோட்டுக்காரர். பெரிய புகழ் இல்லை. இரண்டு பாட்டுகள் பிரபலமாகி, பிறகு மங்கிவிட்டவர். வட்டில் இருந்த காட்சிகளில் பெரும்பாலும் வாயசைப்பார். ஒன்றே ஒன்றில் மட்டும் நிஜமாகப் பாடினார். சுருதியை ஏற்றிப் பிடித்துவிட்டு, மேலே போக முடியாமல் நடுவில் சிரித்துவிடுவார். அண்ணன் அந்த ஒரு காட்சியைத் தேயத் தேயப் பார்த்தான்.

அண்ணன் காலேஜ் முடித்து வேலைக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மீட்டிங்கில் யார் பேசினாலும் பாதிச் சொற்கள் காதில் விழவில்லை. சோதித்துப் பார்த்தார்கள். இடது காது அநேகமாகப் போயிருந்தது, வலது போய்க்கொண்டிருந்தது. சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். மெல்லிய ஒலிகள் முதலில் போகுமாம். புதிய பாட்டுகள் எல்லாம் அவனுக்கு எப்போதுமே சேறு மாதிரிதான் கேட்டிருக்கின்றன. ஒரு கிதார், ஒரு பாஸ், ஒரு டிரம், ஒரு குரல் என்று தனித்தனியாக நின்ற அந்தப் பழைய பாட்டுகள் மட்டும் சேறாகவில்லை. அவன் ரசனை என்று நான் பெருமையடித்துக்கொண்டதெல்லாம் அவனுக்கு மிச்சமிருந்த வழி.

போன வருடம் வலது காதும், அவன் மாட்டிக்கொண்டிருந்த காதுக்கருவிக்கு அடங்காமல் இறங்கியது. அறுவை செய்து உள்ளே மின்கருவி பொருத்தலாம், பேச்சு நன்றாகவே புரியும் என்றார்கள். இடது காதின் நரம்பு அதற்கு லாயக்கில்லை, வலதில்தான் வைக்க முடியும். வைத்தால் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் சொந்தச் செவித்திறனும் போகலாம். இசை பழையபடி கேட்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

அந்த வாரம்தான் அவன் என்னிடம் ஒன்று சொன்னான். வால்மார்ட் பார்க்கிங்கில், காருக்குள்.

"எனக்கு இப்ப எது கேக்குது, எது ஞாபகம்னே தெரியல. தெரிஞ்ச பாட்டு போட்டா ஃபுல்லா கேக்குது. தெரியாத பாட்டு போட்டா ஒண்ணுமில்ல. காது கேக்கலடி. மண்டைதான் ஃபில் பண்ணுது."

"சரி, அதுக்கு என்ன பண்ணலாம்?"

"ஞாபகத்துல இல்லாத ஒண்ணை ஒரே ஒரு தடவ கேக்கணும். புதுசா. இந்தக் காதால."

தெரியாத பாட்டு வேலைக்கு ஆகாது. தெரிந்த பாட்டை, தெரிந்த ஆள், வேறு மாதிரி பாட வேண்டும். சொல்லும்போதே எங்கள் இருவருக்கும் ஒரே முகம்தான் தோன்றியது. கோட்டுக்காரர் உயிரோடு இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். டாலஸுக்குத் தெற்கே, நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத ஒரு சிற்றூரின் பழைய தியேட்டரில் ஞாயிறு மத்தியானக் கச்சேரி. அன்றே முன்வரிசை டிக்கெட் போட்டேன்.

அவருக்கு உடம்பு சரியில்லை என்று கச்சேரியைத் தள்ளிவைத்தார்கள். புதுத் தேதி, ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே குறித்திருந்த அறுவைக்கு அடுத்த வாரத்தில் விழுந்தது.

அறுவையைத் தள்ளிப்போடலாமா என்று அண்ணன் கேட்டான். அப்பா ஒரே பிடியாக நின்றார். "ஒரு கிழவன் கிதார் தட்டறதுக்காக ஆப்பரேஷனத் தள்ளுவாங்களா? இன்ஷூரன்ஸ்காரன் கேட்டா என்னன்னு சொல்றது?" நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் காரணம் கேட்பார்களே. கச்சேரி என்று எப்படிச் சொல்வது?

 மறுநாள் காலையில் அம்மா என் போனை வாங்கி, ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கும் பெண்மணியை அவளே கூப்பிட்டாள். இங்கே வந்து இத்தனை வருடத்தில் போனில் இங்கிலீஷ் பேசுவதென்றால் என்னைத் தள்ளிவிடுகிறவள்.

"மேடம், தட் டே நோ குட். ஸ்டார்ஸ் நோ குட். வெரி பேட் டே ஃபார் மை சன். அவர் ரிலிஜன் மேடம்."

 அந்தப் பெண்மணி மிக மரியாதையாக, மூன்று வாரம் தள்ளி ஒரு நாள் கொடுத்து, அது நல்ல நாளா என்றும் விசாரித்தார். "சூப்பர் டே," என்றாள் அம்மா.

அப்பா காலண்டரைத் திறந்து பார்த்தார். "ஏ புள்ள, நீ வேண்டாம்னது சுபமுகூர்த்த நாளு. நீ வாங்கியிருக்கறதுதான் அஷ்டமி."

"இருந்துட்டுப் போகுதுங்க. என்ற பையன் ஒரு பாட்டு கேக்கோணும்னு ஆசப்படறான். அஷ்டமி என்ன பண்டும்?"

அன்று எல்லோரும் சிரித்தோம். தள்ளிப்போட்ட அந்த மூன்று வாரத்துக்குள் ஒருநாள் அவன் காலையில் எழுந்து வந்து, பிரட் டோஸ்டரின் முன்னால் நின்றுகொண்டு, "இது வேலை செய்யுதா?" என்று கேட்டான். அது டிங் என்று அடித்து முடித்திருந்தது. காது இன்னொரு படி இறங்கிவிட்டது. தள்ளிப்போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எப்படியும் இறங்கியிருக்கும் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். அம்மா ஏற்கவில்லை. "நல்ல நாளப் போயி கெட்ட நாளுன்னு சொன்னனே சாமி," என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமி விஷயத்தில் பட்டும் படாமலும் இருந்தவள்.

கச்சேரிக்கு நால்வரும் போனோம். அப்பாதான் ஓட்டினார். அம்மா கூலரில் தயிர்சாதம் கட்டியிருந்தாள். தியேட்டர் பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். சுற்றிலும் தொப்பியும் பூட்ஸுமாக முதியவர்கள், பலர் நடைவண்டியோடு. எங்களைப்போல ஒரு குடும்பம் இங்கே எதற்கு வந்திருக்கிறது என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் டிக்கெட் கிழித்த அம்மாள் அண்ணனின் காதுக்கருவியைப் பார்த்துவிட்டு, வலதுபுற ஸ்பீக்கருக்கு நேர் எதிரே எங்களை இடம் மாற்றி உட்கார வைத்தார்.

கோட்டுக்காரர் வந்தார். கோட்டில் கோடு இல்லை. யாரோ கையைப் பிடித்து அழைத்துவந்து உயரமான ஸ்டூலில் உட்கார்த்தினார்கள். கிதாரை மடியில் வைத்தார்கள். மேடை ஓரத்தில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். கிதாரில் வயர் இருந்தது. எதிரே மைக் இருந்தது. பின்னால் டிரம்மும் பாஸும் வாசிக்க ஆட்கள்.

பாட்டு தொடங்கியதும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு கைகளும் முழங்காலில். முகம் அப்படியே மலர்ந்தது. அவன் குரலின் அளவு அவனுக்குத் தெரியாது, ஹாலே திரும்பும்படி கத்தினான்.

"கேக்குதுடி! எல்லாம் கேக்குது! அதே மாதிரியே பாடறாருடி!"

அதே மாதிரியே. எனக்கு அந்தச் சொல்லில்தான் உறைத்தது. எண்பது வயதுக்காரர் இருபது வயதுக் குரலில் எப்படிப் பாடுவார்? நான் மேடையைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். இடது கை கிதாரில் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சத்தம் அடுத்த இடத்துக்குப் போயிருந்தது. பாட்டு முடியாமல் மெல்லத் தேய்ந்து மறைந்தது. அவர் உதடு மட்டும் இன்னும் இரண்டு தடவை அசைந்தது.

அந்தப் பழைய இசைத்தட்டேதான். கடவுளே, இதைத்தானே இவன் மண்டைக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறான், இதைக் கேட்கவா வந்தோம் என்று எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? பாட்டுக்கு நடுவே அவர் மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்குவது முன்வரிசையிலிருந்து தெரிந்தது. பின்னால் கைத்தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் இது தெரிந்தேதான் இருக்கும். அவரைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். கேட்க வந்தவன் ஒருத்தன்தான்.

அப்பா போனைத் தூக்கிப் பிடித்து முழுவதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா மேடையைப் பார்க்கவே இல்லை, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அவன் கண்ணை மூடியே வைத்திருக்கட்டும்.

மூன்றாவது பாட்டோ நான்காவதோ. நடுவில், லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த ட்ராக் நின்றது. படக்கென்று, வெட்டினாற்போல. ஓரத்தில் இருந்தவர் லேப்டாப்பின் மேல் குனிந்து தட்டத் தொடங்கினார். டிரம்காரரும் பாஸ்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையை எடுத்துவிட்டார்கள்.

கோட்டுக்காரர் நிறுத்தவில்லை. மைக்கைத் திறந்தே வைக்கவில்லை போலிருக்கிறது, அவர் குரல் ஸ்பீக்கரில் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, நேராக எங்களைப் பார்த்துப் பாடினார். சன்னமான குரல். காய்ந்த இலையைக் கையில் நொறுக்குவதுபோல என்று சொல்லலாமா, தெரியவில்லை. அந்தப் பாட்டை அவ்வளவு மெதுவாக யாரும் பாடி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சுக்காக நின்றார், நின்ற இடமெல்லாம் புதிதாக இருந்தது. ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை.

அண்ணன் கண்ணைத் திறந்தான். மேடையில் வாய் அசைகிறது, விரல் அசைகிறது, சத்தம் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போயிடுச்சு," என்றான். இந்தத் தடவை கத்தவில்லை. "போயிடுச்சுடி. இப்பத்தான். மொத்தமா."

 அம்மா எழுந்தேவிட்டாள். "என்ன கண்ணு, என்ன ஆச்சு?" ஒரு நொடி நான் யோசித்தேன் என்பது உண்மை. பிறகு அவன் முகத்தை என் பக்கம் திருப்பி, வாயைத் தெளிவாக அசைத்துச் சொன்னேன்.

"உன் காது போகல. ட்ராக் நின்னுடுச்சு. இவ்ளோ நேரம் ஓடினது பழைய ரெக்கார்டு. இப்பத்தான் அவரே பாடறார்."

முதலில் அவன் முகத்தில் நிம்மதி வந்தது. அது முழுதாக வந்து சேர்வதற்குள் மற்றது வந்தது: நிஜக் குரல்தான் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"இப்ப பாடறாரா?"

தலையாட்டினேன்.

கருவியின் சத்தத்தை முழுதாக ஏற்றினான். அது கீச்சென்று கத்தியது, பக்கத்து வரிசையில் ஒருவர் திரும்பினார். அவன் உடம்பை முன்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி, அந்தக் கிழவரின் தொண்டையையே பார்த்தான். ஒரு சரணம் முழுக்க அவர் பாடினார். அவன் அசையவில்லை. பிறகு ட்ராக் திரும்ப வந்தது, பாட்டின் வேறோர் இடத்தில். அவர் ஓடிப்போய் அதில் ஏறிக்கொண்டார். ஹால் எழுந்து நின்று கைத்தட்டியது. அண்ணனும் எழுந்து தட்டினான்.

 திரும்பும்போது ஹைவேயில் அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, அவரு சும்மா பாடினாரே, அது உங்க போன்ல இருக்குதுங்களா?"

அப்பா கண்ணாடியில் அண்ணனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பாட்டு நின்னு போச்சுன்னு நிறுத்திப்போட்டேன் புள்ள. சும்மா எதுக்கு எடம் அடைக்கோணும்னு."

"மறுக்கா எடுக்கலீங்களா?"

"பாட்டு மறுக்கா வந்ததுக்கப்புறம் எடுத்தேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன் எங்கள் யார் வாயையும் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் அவனுக்கு இது தெரியாது. அப்பா அடுத்த எக்ஸிட்டில் காரை நிறுத்தி, பெட்ரோல் தேவையில்லாதபோதும் பெட்ரோல் போட்டார்.

அஷ்டமியன்று அறுவை நடந்தது. எந்தச் சிக்கலும் இல்லை. புண் ஆறிய பிறகு வெளிக்கருவியைக் காதுக்குப் பின்னால் வைத்து ஒலி கொடுத்தார்கள். "சாமி, அம்மா பேசறது கேக்குதா?" என்றாள் அம்மா. "கார்ட்டூன் எலி பேசற மாதிரி இருக்கும்மா," என்றான். அழுதுகொண்டே சிரித்தோம். மாதங்கள் போகப்போக எலி அம்மாவாகியது. இப்போது மீட்டிங்கில் அவன்தான் அதிகம் பேசுகிறானாம். டாக்டர் சொன்னது எல்லாம் நடந்தது. அறுவையில் சொந்தச் செவித்திறன் போனதும் அவர் சொன்னதுதான்.

பாட்டு மட்டும் வரவில்லை. பழக்கம்தான் வேண்டும், தெரிந்த பாட்டுகளைத் தினமும் கேளுங்கள் என்றார்கள். கேட்டான். டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல இருக்கிறது என்றான். இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டான்.

"ஏன்டா, ப்ராக்டீஸ் பண்ணாத்தான வரும்?"

"இந்தச் சத்தம் உள்ள போயி பழசு மேல உக்காருதுடி. முன்னாடி மண்டையில கரெக்டா ஓடிட்டிருந்துச்சு. இப்ப அதையும் ஆணிச் சத்தமா மாத்துது. இருக்கறதையாவது வெச்சுக்கறேன், விடு."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம், சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அம்மாவும் அப்பாவும் பக்கத்து ஊரான காப்பெலில் யாரோ வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார்கள். அவன் திடீரென்று கேட்டான்.

"அன்னிக்கு அவர் பாடினது எப்படி இருந்துச்சு?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மெதுவாக இருந்தது, சன்னமாக இருந்தது, வயதான குரல், மூச்சு வாங்கியது. சொல்லச் சொல்ல எல்லாம் வேறு யாரைப் பற்றியோ போல இருந்தது. உலகத்திலுள்ள எல்லாவற்றையும் அவனுக்கு விளக்கிச் சொல்லியே வளர்ந்தவள் நான். சொல் கிடைக்கவில்லை.

"பாடிக் காட்டு," என்றான்.

"எனக்குப் பாட வராதுடா."

"அது எனக்கென்ன தெரியப்போகுது? மத்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. அத மட்டும் கேட்டதே இல்ல. கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமே இல்லல்ல?"

பாடினேன். அவர் நின்ற இடங்களில் நின்று, அவர் விட்ட மூச்சை விட்டு, முடிந்தவரை மெதுவாக. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் நெற்றி சுருங்குவது தெரிந்தது. இரண்டு வரிக்குப் பிறகு கையை உயர்த்தினான். நான் நிறுத்தினேன்.

காதுக்குப் பின்னால் கைவிட்டு, காந்தத்தோடு ஒட்டியிருந்த கருவியைக் கழற்றி, பட்டாணித் தோலுக்குப் பக்கத்தில் வைத்தான். அது இல்லாவிட்டால் இப்போது அவனுக்கு ஒன்றுமே கேட்காது, இடி விழுந்தாலும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தான்.

"இப்ப பாடு," என்றான்.

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.